கரண்ட் போனால் சம்ப் வழிகிறது. கரண்ட் இருந்தால் தொட்டி வழிகிறது: என்ன செய்வது?

கேட்ட கேள்வி இது: வேலூர் சத்துவாச்சாரியில் முதல் மாடி வாடகை வீடு. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரத்தில் மீன் தொட்டி. அதன் அடியில் இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் சம்ப், அதாவது தண்ணீரை வடிகட்டும் கீழ்த்தொட்டி. மேல் தொட்டியில் வழியும் தண்ணீரை வாங்கும் மூலைப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு 1 அங்குலக் குழாய் கீழே இறங்குகிறது. பம்ப் தண்ணீரை மேலே அனுப்பும் குழாயின் மூக்கு, தண்ணீர் மட்டத்துக்கு 8 செ.மீ. அடியில் இருக்கிறது. கரண்ட் போகும்போதெல்லாம் சம்ப் நிரம்பித் தரையில் ஊற்றுகிறது. திரும்பி வரும் தண்ணீரைத் தடுக்கும் என்ஆர்வி வால்வு மாட்டியும் மூன்று மாதம்தான் தாங்கியது. போன வாரம் கரண்ட் இருக்கும்போதே மேல் தொட்டி வழிந்து, கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் தெரிகிறது. இதற்கு நிரந்தரத் தீர்வு உண்டா?

உண்டு. ஆனால் இவை ஒரே கோளாறின் இரண்டு முகம் அல்ல, இரண்டு தனித்தனிக் கோளாறுகள். பம்ப் நின்றதால் சம்ப் வழிவது ஒன்று. பம்ப் நிற்காததால் தொட்டி வழிவது மற்றொன்று. இரண்டையும் வால்வு, மிதவை என்று கருவிகளை மாட்டித் தடுக்கப் பார்த்தால் என்றைக்காவது ஒரு ராத்திரி ஏமாற்றும். கருவி எதுவும் வேலை செய்யாவிட்டாலும் தண்ணீர் வெளியே வர வழியில்லாதபடி உயரங்களையும் கொள்ளளவையும் அமைப்பதுதான் சரியான முறை. உங்கள் தொட்டியில் இதைச் செய்யலாம். பெரிய செலவும் ஆகாது.

முதலில் கரண்ட் போகும் நேரத்தைப் பார்ப்போம். பம்ப் நின்றதும் குழாயில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் அப்படியே திரும்பி இறங்குகிறது. மூக்கு தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதால் அந்தக் குழாயே சைஃபன் ஆகி, மேல் தொட்டியை உறிஞ்சத் தொடங்குகிறது. மூக்கின் வாய் வெளியே தெரிந்து காற்றை இழுக்கும் வரை இது நிற்காது. உங்கள் தொட்டியின் பரப்பு 120 × 45 செ.மீ., அதாவது 5400 சதுர செ.மீ. மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர் கீழே வருகிறது. மூக்கு 8 செ.மீ. ஆழத்தில் இருப்பதால் 43 லிட்டர் வரும். குழாய்களிலும் மூலைப் பெட்டியிலும் நிற்கும் தண்ணீரைச் சேர்த்தால் 45ஐத் தாண்டும்.

சம்ப்பின் பரப்பு 75 × 38, சுமார் 2850 சதுர செ.மீ. அதில் 1 செ.மீ. என்பது 2.85 லிட்டர். ஓடும்போது மேலே 10 செ.மீ. காலியாக விட்டிருந்தாலும் 28 லிட்டர்தான் கொள்ளும். மீதி 17 லிட்டர், ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீர், தரைக்குத்தான் போகும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு ஊற்றுவதும் இதனால்தான்.

இதற்கு மருந்து மூக்கை உயர்த்துவது. மட்டத்துக்கு 1.5 செ.மீ. அடியில் மட்டும் மூக்கின் வாய் இருக்கட்டும். தண்ணீரின் மேற்பரப்பு லேசாக அலையும், அது மீனுக்கு நல்லதே. தொட்டியின் அடிப்பாகத்திலும் ஓட்டம் வேண்டுமென்றால் அதற்கென்று சின்ன வேவ் மேக்கர் ஒன்றைத் தனியாகப் போடுங்கள். அடிவரை நீளும் ஸ்ப்ரே பார் (வரிசையாகத் துளை போட்ட குழாய்) மட்டும் இந்த அமைப்பில் வேண்டவே வேண்டாம். அதன் மேல்துளை எந்த ஆழத்தில் இருக்கிறதோ, குறைந்தது அதுவரை தொட்டி காலியாகும்.

மூக்கை உயர்த்திய பிறகு கணக்கைப் பாருங்கள். மூக்கு எங்கே இருந்தாலும் பம்ப் நின்றதும் தண்ணீர் மூலைப் பெட்டியின் வழிவிளிம்பு வரை இறங்கத்தான் செய்யும். மணிக்கு 2000 லிட்டர் ஓடுகிறது, விளிம்பு 25 செ.மீ. அகலம் என்றால், பல் இல்லாத நேர் விளிம்பில் தண்ணீர் சுமார் 1.1 செ.மீ. உயரத்துக்கு நின்று வழியும். சீப்புப் பல் வைத்துப் பாதி அடைபட்டிருந்தால் 1.8 செ.மீ. இதை 2 செ.மீ. என்றே வைத்துக்கொண்டால் 11 லிட்டர். மூலைப் பெட்டியிலிருந்து 3 லிட்டர், குழாய்களிலிருந்து 1 லிட்டர். மொத்தம் 15. சம்ப்பில் 5.3 செ.மீ. ஏறும். 10 செ.மீ. காலியிடம் இருக்கும்போது கிட்டத்தட்ட பாதி மிச்சம்.

பம்ப்பின் அட்டையில் போட்டிருக்கும் எண்ணை இந்தக் கணக்குக்கு நம்பாதீர்கள். அது உயரமே ஏற்றாதபோது கிடைக்கும் ஓட்டம். ஒன்றேகால் மீட்டர் ஏற்றி, இரண்டு மூன்று எல்போ வளைந்து வரும்போது பாதிக்கு வந்துவிடலாம். அளப்பது எளிது: சம்ப்புக்குள் இறங்கும் குழாயின் முனையில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து நொடியை எண்ணுங்கள். 18 நொடியில் நிரம்பினால் மணிக்கு 2000 லிட்டர்.

இனி சைஃபன் உடைக்கும் துளை. திரும்பும் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒன்றரை நூல் அளவில், அதாவது 5 மி.மீ. குறுக்களவில், ஒரு துளை போடுவார்கள். மட்டம் இறங்கியதும் துளை வழியாகக் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்த நொடியில் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல் கேட்கும். துளை நல்ல யோசனைதான், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. குறிப்பாக நம் ஊர்த் தண்ணீரில் நம்பவே கூடாது. பாலாற்றுப் படுகையில் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. தண்ணீரும் காற்றும் தொடும் கோட்டில்தான் ஆவியாதல் நடக்கிறது, அங்கேதான் சுண்ணாம்பு வெள்ளை வளையமாகப் படிகிறது. துளை இருப்பதும் அதே கோட்டை ஒட்டித்தான்! சில வாரம் கழித்துக் குனிந்து பார்த்தால் 5 மி.மீ. துளை விளிம்பெல்லாம் வெள்ளையேறி ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். மிச்ச இடத்தில் பச்சைப் பாசி. சில நாள் குட்டி நத்தை ஒன்று அதில் வந்து உட்கார்ந்திருக்கும். பார்வைக்குத் துளை இருக்கும், காற்று மட்டும் போகாது.

அதனால் மூக்கின் உயரமே முதல் காவல், துளை இரண்டாவது. ஒன்றுக்கு இரண்டாக, குழாயின் இரு பக்கமும் போடுங்கள். மாதம் ஒருமுறை ஊக்கால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சுண்ணாம்பு கெட்டியாகிவிட்டால் அந்தத் துண்டைக் கழற்றி ஓரிரு மணிநேரம் வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். கழிப்பறை ஆசிட் பக்கமே போகவேண்டாம்.

என்ஆர்வி ஏன் மூன்று மாதத்தில் கைவிட்டது என்பதற்கும் இதே காரணம்தான். உள்ளே இருக்கும் தட்டு தன் விளிம்பில் முழுதாகப் பொருந்தி உட்கார்ந்தால்தான் தண்ணீர் நிற்கும். சுண்ணாம்புத் துகள் ஒன்று, நத்தை ஓட்டின் துணுக்கு ஒன்று, இலைநரம்பு ஒன்று இடையில் சிக்கினால் போதும், கசியும். நிமிடத்துக்கு 100 மில்லி கசிந்தால் மணிக்கு 6 லிட்டர். பத்து நிமிட மின்தடையில் தெரியாது. காலை 9 மணிக்கு நிறுத்தும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில், நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தெரியும். போர் மோட்டாருக்கு என்ஆர்வி அவசியம். இங்கே அது ஓட்டத்தைக் குறைப்பதும் பொய்யான தைரியம் கொடுப்பதும்தான் மிச்சம். கழற்றிவிடுங்கள் என்பதே என் கருத்து. வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், அது இல்லை என்று நினைத்தே எல்லாக் கணக்கையும் போடுங்கள்.

அடுத்து, சம்ப்பில் ஒரு கோடு. பல வீடுகளில் எல்லாம் சரியாக இருந்தும் வழிவது இந்தக் கோடு இல்லாததால்தான். பம்ப்பை அணையுங்கள். வர வேண்டிய தண்ணீரெல்லாம் இறங்கி அடங்க 10 நிமிடம் விடுங்கள். இப்போது சம்ப் தண்ணீர், மேல்விளிம்புக்கு 4 செ.மீ. கீழே வரும்வரை ஊற்றுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். பம்ப்பைப் போட்டு இன்னும் 10 நிமிடம் ஓடவிட்டு, சம்ப்புக்குள் பம்ப் இருக்கும் தடுப்பறையில் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுங்கள். ஓடும்போது இந்தக் கோட்டுக்கு மேல் ஒரு சொம்புகூட ஊற்றக்கூடாது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சம்ப்பில் மற்ற அறைகளின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடிகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஆவியாகும் தண்ணீர் முழுவதும் பம்ப் அறையில் மட்டும்தான் குறைவாகத் தெரியும். உங்கள் பம்ப் அறை 25 × 38 செ.மீ. என்று வைத்தால் அங்கே 1 செ.மீ. என்பது ஒரு லிட்டருக்கும் குறைவு. அக்னி நட்சத்திர நாட்களில், ஃபேன் ஓடும் அறையில், மூடியில்லாத 4 அடி தொட்டியிலிருந்து நாளுக்கு 3, 4 லிட்டர் போவது சாதாரணம். காலையில் பார்த்தால் 4 செ.மீ. இறங்கியிருக்கும். 'இன்னும் ரெண்டு நாளைக்குத் தாங்கட்டும்' என்று இரண்டு குடம் சேர்த்து ஊற்றுவார்கள். அன்று மதியம் கரண்ட் போனால், கூடுதலாக ஊற்றியது தரையில் இருக்கும்.

இனி இரண்டாவது கோளாறு, கரண்ட் இருக்கும்போதே மேலே வழிவது. கீழ்வீட்டுக்கு ஈரம் இறக்கியது இதுவாகத்தான் இருக்கும். முதல் கோளாறில் ஊற்றும் தண்ணீருக்கு ஓர் அளவு உண்டு. இதில் பம்ப் அறை வற்றும் வரை நிற்காது.

பம்ப் ஏற்றுவது ஒரே சீராக நடக்கும். இறங்குவதுதான் பல காரணங்களால் தடைபடும். வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியின் இலை ஒன்று குழாய் வாயில் மடிந்து உட்காரும். மூலைப் பெட்டிக்குள் குதித்த கப்பி மீன் சிக்கிக்கொள்ளும். ஒற்றைக் குழாயில் 'டர்சோ' முறையில் மேல்மூடியில் காற்றுத்துளை வைத்திருப்பார்கள். அதில் சுண்ணாம்பு அடைத்தால் குழாய் சைஃபன் ஆகி, காற்றை விழுங்கி, மறுபடி சைஃபன் ஆகி, கடகடவென்று மாறி மாறி இழுக்கும். கழிப்பறை ஃப்ளஷ் போல ஒரு சத்தம் திடீரென்று வரத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துளையைத்தான். இன்னொன்று, பழைய பம்ப் போய்ப் புதிதாகக் கொஞ்சம் பெரிய பம்ப் வாங்கியிருப்பீர்கள். காற்றோடு சேர்ந்து இறங்கும் 1 அங்குலக் குழாயில் மணிக்கு சுமார் 2000 லிட்டர் வரைதான் வம்பில்லாமல் போகும். அதற்கு மேல் ஏற்றினால் சின்ன அடைப்பே போதும், வழிந்துவிடும்.

ஒற்றைக் குழாயை எவ்வளவு சீர்படுத்தினாலும் அது ஒற்றைக் குழாய்தான். இரண்டாவது குழாய் வேண்டும். உங்கள் மூலைப் பெட்டியின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும் என்று நினைக்கிறேன்: ஒன்று இறங்க, ஒன்று பம்ப் குழாய் ஏற. அப்படியென்றால் புதிதாகக் கண்ணாடியில் துளையே போடவேண்டாம். இரண்டையும் இறங்கு குழாயாக மாற்றிவிட்டு, பம்ப் குழாயைத் தொட்டியின் பின்விளிம்புக்கு மேலாக வளைத்து உள்ளே விடுங்கள். மீன் தொட்டிக்காரர்கள் 'ஹெர்பி' என்று சொல்லும் முறை இதுதான். மூன்று குழாய் வைக்கும் 'பீன் அனிமல்' இதைவிடப் பத்திரமானது. மூன்றாம் துளைக்கு இடமிருந்தால் அதற்கே போகலாம். 4 அடி தொட்டிக்கு இரண்டு குழாய் தாராளம்.

உயரங்கள்: வழிவிளிம்பிலிருந்து கீழே 15 செ.மீ.யில் முதல் குழாயின் வாய். 5 செ.மீ.யில் இரண்டாம் குழாயின் வாய். பெட்டிக்குள் தண்ணீர் இரண்டாம் குழாயின் வாயை ஒட்டி நிற்கும். முதல் குழாயில் காற்றே கலக்காமல் முழுக் குழாயும் தண்ணீராக இறங்கும், அதனால் சத்தமும் இருக்காது. 80 செ.மீ. இறக்கம் கிடைத்தால் அப்படி ஓடும் 1 அங்குலக் குழாய் மணிக்கு 3000 லிட்டருக்கு மேலேயே விடும், அதனால்தான் அதை வால்வு வைத்து அடக்குகிறோம். இரண்டாம் குழாய் ஆபத்துக்கு. முதல் குழாய் அடைத்தால் பெட்டியில் மட்டம் ஏறி, இதன் வாயை மூழ்கடித்து, மொத்தத் தண்ணீரையும் இது எடுத்துக்கொள்ளும். எனவே இதில் வால்வு வைக்கக்கூடாது, வலை கட்டக்கூடாது, நடுவில் ரிடியூசர் போட்டு முக்கால் அங்குலமாகக் குறைக்கவும் கூடாது. இலையைத் தடுக்கும் சீப்பு வழிவிளிம்பில் இருந்தால் போதும், பல்லிடைவெளி 5, 6 மி.மீ.

முதல் குழாயின் வாயை இன்னும் கீழே, பெட்டியின் அடிவரை இறக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். மூலைப் பெட்டியை ஒட்டிய சிலிகான் எங்காவது கசிந்தால், கரண்ட் இல்லாத நேரத்தில் தொட்டித் தண்ணீர் அந்தக் கசிவு வழியாகப் பெட்டிக்குள் வந்து, குழாய் வழியாகச் சம்ப்புக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். வாய் மேலே இருந்தால் இறங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு.

சம்ப்பில் இந்தக் குழாய் முடியும் இடமும் முக்கியம். முனை தண்ணீருக்குள் 2 செ.மீ. மட்டும் மூழ்கட்டும். 10 செ.மீ. மூழ்கவிட்டால், கரண்ட் திரும்பி வந்தபின் குழாயில் அடைபட்ட காற்று அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேற முடியாமல் தவிக்கும். சைஃபன் பிடிக்காது, அதற்குள் மேலே மட்டம் ஏறிக்கொண்டிருக்கும். ஆபத்துக் குழாயின் முனை தண்ணீருக்கு மேலேயே நிற்கட்டும். அதில் தண்ணீர் பலமாகக் கொட்டும் சத்தம் கேட்டாலே முதல் குழாயில் ஏதோ அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சாமான்கள் எல்லாமே வேலூரில் ஹார்டுவேர் கடையில் கிடைப்பவைதான், இதற்காகச் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தை வரை போகவேண்டாம். 1 அங்குல யூபிவிசி குழாய் 10 அடி, முக்கால் அங்குலம் 6 அடி, 1 அங்குல டேங்க் கனெக்டர் 2, யூனியன் 2, பால் வால்வு 1, 45 பாகை எல்போ 4, முக்கால் அங்குல எல்போ 3, சொல்யூஷன் ஒரு சின்ன டப்பா. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தோட்டத்துக்கு இழுக்கும் 32 மி.மீ. பிவிசி குழாயும், வீட்டுக் குழாய் வேலைக்கான 1 அங்குல யூபிவிசியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். வெளிக் குறுக்களவு ஒன்று 32, மற்றொன்று 33.4 மி.மீ. ஒன்றின் எல்போவில் மற்றதைச் செருகிச் சொல்யூஷன் தடவினால் அன்றைக்கு நிற்கும், பிறகு கசியும். எல்லாவற்றையும் ஒரே வகையில் ஒரே கடையில் எடுத்து, கடையிலேயே செருகிப் பாருங்கள். பித்தளை வால்வு, செம்பு உறுப்பு எதுவும் மீன் தண்ணீரில் படக்கூடாது; செம்பு கரைந்தால் இறாலும் நத்தையும் முதலில் சாகும்.

வளைக்கவேண்டிய இடத்தில் ஒரு 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 பாகை. படுக்கையாக ஓடும் குழாயே கூடாது, சரிவாவது இருக்கவேண்டும். வால்வை மேலே வைக்காமல் சம்ப்புக்குச் சற்று மேலே, கை எட்டும் இடத்தில் வையுங்கள். யூனியனும் அங்கேயே இருந்தால் சுத்தம் செய்யக் கழற்றலாம்.

வால்வைச் சரிசெய்யப் பொறுமை வேண்டும். முழுதாகத் திறந்து பம்ப்பைப் போடுங்கள். முதல் குழாய் காற்றையும் சேர்த்து இழுத்துக் கரகரக்கும். வால்வை மெல்ல மூடிக்கொண்டே வந்தால் பெட்டியில் மட்டம் ஏறும், கரகரப்பு அடங்கும். அங்கிருந்து கைப்பிடியை மயிரிழை அளவுக்குத்தான் நகர்த்தவேண்டும். நகர்த்திவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பால் வால்வில் மிக நுணுக்கமாக நிறுத்த முடியாது. ஆகவே இரண்டாம் குழாயின் உள்சுவரில் நூல் போல ஒரு கீற்றுத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும் நிலையில் விட்டுவிடுங்கள். பம்ப்பின் வேகம் வோல்டேஜோடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அந்தக் கீற்று பெருத்தும் சிறுத்தும் தானே சமன் செய்துகொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு குழாயும் அடைத்துவிட்டால்? அதற்கும் கணக்கு உண்டு. பம்ப் அறையில் ஓடும்போது தண்ணீர் 25 செ.மீ., பம்ப்பின் வாய் தரையிலிருந்து 6 செ.மீ. என்றால், அது மேலே ஏற்றக்கூடியது 19 செ.மீ. × 950 சதுர செ.மீ., சுமார் 18 லிட்டர். மேல் தொட்டியில் 3.3 செ.மீ. ஏறும். தொட்டி விளிம்புக்கும் தண்ணீருக்கும் 5 செ.மீ. இடைவெளி விட்டிருந்தால், ஒரு சொட்டு வெளியே வராமல் பம்ப் காற்றை இழுத்துக் கத்தும். இடைவெளி 3 செ.மீ.தான் என்றால் பம்ப்பை ஒரு கண்ணாடிக் கட்டையின் மேல் 5 செ.மீ. தூக்கி வையுங்கள், அது ஏற்றக்கூடியதில் கிட்டத்தட்ட 5 லிட்டர் குறைந்துவிடும். பம்ப் எரியாமல் இருக்க அந்தக் கத்தலைக் கேட்டதும் அணைக்கவேண்டும் என்பது வேறு விஷயம். தரை தப்பிக்கும்.

தானாகத் தண்ணீர் நிரப்பும் அமைப்பு வைத்திருந்தால் இந்தக் கணக்கு மாறும். அடைப்பு வந்து பம்ப் அறை வற்றும்போது, மிதவை அதை ஆவியாதல் என்று நினைத்துப் புதுத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும், பம்ப்பும் அதை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். எனவே நிரப்பும் கேனின் கொள்ளளவையும் மேல் தொட்டிக் கணக்கில் சேர்க்கவேண்டும். 10 லிட்டர் கேன் என்றால் இன்னும் 1.9 செ.மீ. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நேராக ஒரு மிதவை வால்வுக்கு லைன் இழுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். சுண்ணாம்பு படிந்து மிதவை ஒருமுறை சிக்கினால் ஆயிரம் லிட்டரும் வீட்டுக்குள் வரும். கேனிலிருந்து வரும் சிறு ட்யூபின் முனை சம்ப் தண்ணீரில் மூழ்காமல் மேலேயே நிற்கட்டும். மூழ்கினால், கேன் உயரத்தில் இருக்கும்பட்சத்தில் கேனின் மோட்டார் நின்றபிறகும் சைஃபனாக இறங்கும். கேனில் ஆர்ஓ தண்ணீர் விடுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மேலும் மேலும் போர் தண்ணீர் ஊற்றினால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும், துளைகளும் சீக்கிரம் அடைக்கும்.

சம்ப்பிலேயே வழியும் இன்னொரு இடம், வெள்ளைப் பஞ்சுத் தட்டு. பஞ்சு அழுக்கேறி அடைத்ததும் தண்ணீர் தட்டின் விளிம்பால் வழியும். அந்த விளிம்பு சம்ப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நேராகத் தரையில்தான். தட்டின் நான்கு பக்கமும் சம்ப்புக்கு உள்ளே இருக்கட்டும், பஞ்சு வாரம் ஒருமுறை மாறட்டும். ஸ்பான்ஜ் அடைத்த அறைகளில் தடுப்புக் கண்ணாடி, சம்ப்பின் வெளிக்கண்ணாடியைவிடக் குறைந்தது 5 செ.மீ. தாழ்ந்திருக்கவேண்டும். அப்போதுதான் அடைத்தாலும் அடுத்த அறைக்குள் வழியும்.

துளையே இல்லாத தொட்டிக்கு, விளிம்பில் தொங்கும் யூ குழாய்ப் பெட்டி வாங்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. குழாயின் உச்சியில் காற்றுக் குமிழ்கள் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் சைஃபன் அறுந்துவிடும், பம்ப் மட்டும் ஓடும். அடிக்கடி கரண்ட் போய்வரும் வீட்டில் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். தொட்டியைக் காலி செய்து துளை போடுவதே மேல். துளைக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் நடுவே துளையின் குறுக்களவாவது இடம் விடவேண்டும். டஃபன்டு கண்ணாடியில் துளை போட முடியாது, மொத்தமும் நொறுங்கிவிடும்.

மாட்டி முடித்துச் சொல்யூஷன் 24 மணிநேரம் காய்ந்த பின், துணி ஒன்றை விரித்துக்கொண்டு சோதனை செய்யுங்கள். பம்ப்பை அணைத்துப் பாருங்கள். அப்புறம் சைஃபன் துளைகளை டேப்பால் மூடிவிட்டு அணைத்துப் பாருங்கள். அப்போதும் சம்ப் வழியக்கூடாது. அடுத்து பம்ப் ஓடும்போது முதல் குழாயின் வால்வை முழுதாக மூடுங்கள். ஆபத்துக் குழாய் தனியாக எல்லாவற்றையும் இழுக்கிறதா, மேலே மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதிவையுங்கள். பிறகு வால்வைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை பத்துத் தடவை அணைத்துப் போடுங்கள். காற்று மழை நாளில் கரண்ட் இப்படித்தான் போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும் சைஃபன் ஓரிரு நிமிடத்தில் தானாகப் பிடிக்கவேண்டும். பிடிக்கத் தடுமாறினால் ஃபிரிட்ஜுக்கு விற்கும் ஸ்டெபிலைசரில், கரண்ட் வந்து சில நிமிடம் கழித்துத்தான் சப்ளை கொடுக்கும் வகை இருக்கிறது. பம்ப்பை அதில் மாட்டலாம்.

மாடி வீடு என்பதால் மேலும் சில ஏற்பாடுகள். சம்ப்பை 5 செ.மீ. விளிம்புள்ள ஒரு தட்டில் வையுங்கள். 80 × 45 செ.மீ. தட்டு, சம்ப் அடைக்கும் இடம் போக, 3, 4 லிட்டர் பிடிக்கும். மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் கத்தும் சின்ன அலாரம் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கிறது. அதன் இரண்டு ஒயர் முனைகளையும் தட்டின் தரையில் ஒட்டிவிட்டால், கொஞ்சம் தண்ணீர் தேங்கினாலே கத்தும். பேட்டரியில் ஓடும் வகையாகப் பாருங்கள், கரண்ட் போன நேரத்தில்தான் அது தேவை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சம்ப் அலமாரிக்குள் இருக்கக்கூடாது, சுவரில் உயரே இருக்கட்டும். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போவதற்குமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறினால், ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரத் தரையில் கால் வைத்து நின்றுதான் பம்ப்பைக் கழற்றப் போகிறோம்.

வேலைக்கு நாள் குறிப்பதென்றால், உங்கள் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கும் தேதிக்கு நான்கைந்து நாள் முன்பாகவே முடித்துவிடுங்கள். அன்றைக்கு ஒருவர் வீட்டில் இருந்து, கரண்ட் போனதும் சம்ப் எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஒரு கோடும், இரண்டு மணிநேரம் கழித்து இன்னொரு கோடும் போடட்டும். இரண்டு கோடும் ஒரே இடத்தில் இருந்தால் சைஃபன் முழுதாக அறுகிறது, மூலைப் பெட்டியும் கசியவில்லை. இரண்டாவது கோடு மேலே இருந்தால் பெட்டியின் சிலிகானைப் பாருங்கள்.